தொழிற்சாலைக்கு ஓர் ஒத்திகை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். ஆயினும், ஏட்டில் போட்ட கணக்கு ஒன்று, தொழிலாளர் பலர் வேலையிழப்பதன் காரணத்தைக் காட்டித் தந்த வரலாறும் உண்டு. அதனையே இன்று கூற விழைகிறேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணிப்பொறி அமைத்துப் புகழ்பெற்ற ஜே ஃபாரஸ்டர் என்னும் அறிஞர், 1956இல் அங்கேயே தொழில் நிர்வாகத் துறைக்கு மாறினார். அப்போது ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தார் சிலர் தம் ஐயத்தை அவரிடம் கூறினர். கென்டக்கி மாநிலத்தில் வீட்டுச் சாதனங்கள் செய்யும் அவர்தம் ஆலைகளில், ஒரு சமயம் மூன்று ஷிப்டு வேலை நடக்கும். சில ஆண்டுகள் கழித்துப் பாதிப் பேர் வேலையிழப்பர். நாட்டின் வாணிக ஏற்றத்தாழ்வே காரணம் என்ற விளக்கம் அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை. சரக்கிருப்பையும் ஆட்களையும் எவ்வாறு தீர்மானிக்கிறீர்கள் என்று ஃபாரஸ்டர் கேட்டறிந்தார். பென்சிலும் குறிப்பேடும் கொண்டு வாரந்தோறும் நிகழ்வதைக் கணக்கிட்டார். வெளியே தேவை மாறாதபோதும், அவர்களுடைய முடிவுகளே ஆலையை ஆட்டிவைக்கக்கூடும் என்பது புலனாயிற்று.

மாணவ நண்பர்களே, நீங்களும் இதனைச் செய்து பார்க்கலாம். கடைக்காரர், மொத்த வணிகர், ஆலைக் கிடங்கு என மூவரைக் கொள்வோம். வாரம் 100 மின்விசிறிகள் விற்கின்றன. ஒவ்வொருவரும் தம் ஒரு வார விற்பனையின் அளவே இருப்பு வைப்பர். கேட்ட சரக்கு அவ்வாரமே கிடைத்துவிடும்.

விற்பனை 110 ஆக உயர்ந்து, அப்படியே நிலைக்கிறது. கடைக்காரர் விற்ற 110க்கும், கூட்டவேண்டிய இருப்பு 10க்குமாக 120 கேட்பார். மொத்த வணிகர் தாமும் இருப்பை 120 ஆக்க விரும்பி 140 கேட்பார். கிடங்கு அவ்வாறே 180 கேட்கும்! அடுத்த வாரம் கடைக்காரர் 110 மட்டுமே கேட்பார். மொத்த வணிகர் மிகுந்த இருப்பைக் குறைக்க 100 கேட்பார். கிடங்கோ 60தான் கேட்கும். ஆலைக்கு வரும் ஆர்டர் 180, 60, 120, 110 என்று அலைந்து அடங்குகிறது. முதன்முறை இக்கணக்கைப் போட்டபோது, எங்கோ பிழை செய்துவிட்டேன் என்றே எண்ணினேன். பிழை கணக்கில் இல்லை. மூவரும் முறைப்படியே நடந்தனர்; ஆலையில் வேலைதான் ஒரே வாரத்தில் மூன்றில் ஒரு பங்காயிற்று.

இனி விதியை மாற்றுவோம். அண்டையார் ஆர்டரைக் கொண்டன்றி, கடையின் உண்மை விற்பனையைக் கொண்டே மூவரும் இருப்பு வைக்கட்டும். இப்போது ஆலைக்கு வருவது 140. பின்னர் நிலையாக 110. செலவு ஒரு தாள், வேலையிழந்தவர் எவருமில்லை.

இதுவே பாவனை முறை. நாடகத்திற்கு ஒத்திகை போன்றது. ஃபாரஸ்டர் தம் ஆராய்ச்சியைக் கணிப்பொறியில் வளர்த்து, 1961இல் 'இண்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்' என்னும் நூலாக வெளியிட்டார். இன்று கணிப்பொறிகள் சரக்கு வந்துசேரும் தாமதம், இயந்திரப் பழுது முதலியவற்றையும் சேர்த்து ஆயிரக்கணக்கான ஒத்திகைகளை நொடியில் நடத்துகின்றன. ஆயினும் நாம் கொடுக்கும் விதிகள் மெய்யான நடைமுறைக்கு ஒத்திராவிடில், விடையும் பொய்த்துப்போகும். ஆகவேதான் ஃபாரஸ்டர் முதலில் கேள்வி கேட்டார். பிறகே பென்சிலை எடுத்தார். தவறு நேரத்தான் வேண்டுமெனில், அது தாளில் நேரட்டும். தொழிலாளியின் வாழ்வில் நேரவேண்டாம்.