வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி மட்டும்தானா?

கந்தோரில் இருந்து வந்த கடிதத்தைக் கையை நீட்டிப் பிடித்து வாசிக்கிறோமா? மருந்துப் பெட்டியில் உள்ள சின்ன எழுத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிப்பிக்கிறோமா? நாற்பதைத் தாண்டிய எமக்கு அநேகமாக வெள்ளெழுத்து வந்துவிட்டது. கண்ணின் உள்ளே இருக்கும் வில்லை இளமையில் நெகிழ்ந்து கொடுக்கும். வயது ஏற ஏற அது இறுகிவிடுவதால் கிட்டவுள்ளது மங்குகிறது. இது நோயல்ல, எல்லோருக்கும் வருவதுதான்.

குசினி ஆவியிலும் குளிரிலும் கண்ணாடி புகார் பிடிப்பது எம்மில் பலருக்குப் பெரிய தொல்லை. அதனால் கொன்ராக்ட் லென்ஸ் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம். இந்த லென்ஸின் பிறப்பே ஜேர்மனியர்களின் கையால் நடந்ததுதான். காசலில் பிறந்த கண் வைத்தியர் அடோல்ஃப் ஓய்கன் ஃபிக், சூரிச்சில் பணியாற்றியபோது 1888இல் இதைப் பற்றி எழுதினார். 1889இல் கீல் நகரில் ஆகஸ்ட் முல்லர் தன் கண்ணிலேயே கண்ணாடி வில்லையைப் போட்டுப் பார்த்தார். அரை மணி நேரம் தாங்குவதே அவருக்குப் பெரும்பாடு! இன்றைய மென்மையான லென்ஸ் போட்டிருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

தூரப் பார்வைக்கு லென்ஸ் போட்டு, வாசிக்கும்போது மட்டும் மேலே சாதாரண வாசிப்புக் கண்ணாடி போடுவது எளிய வழி. இன்னொரு வழியில் ஒரு கண்ணுக்குத் தூரமும் மற்றக் கண்ணுக்குக் கிட்டமும் கொடுப்பார்கள். மூளை பழகிவிடும், ஆனால் ஆழம் கணிப்பது சற்றுக் குறையும். படி இறங்கும்போது கவனம் தேவை. மூன்றாவது, மல்டிஃபோக்கல் லென்ஸ். தூரத்துக்கும் கிட்டத்துக்குமான பவர் ஒரே லென்ஸில் வளையம் வளையமாக இருக்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் எழுத்து மங்கலாம், இரவில் எதிரே வரும் வாகன விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். இரவு வேலைக்குக் கார் ஓடுபவர்கள் இதை ஒப்ரிக்கரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். எதுவானாலும் பரீட்சார்த்த லென்ஸைச் சில நாட்கள் வீட்டிலும் வேலையிலும் போட்டுப் பார்த்த பின்பே காசு கட்டுங்கள். வெள்ளெழுத்துக்கான லென்ஸை அரச நோய்க்காப்புறுதி பொதுவாகப் பொறுப்பேற்பதில்லை.

எமக்குக் கவலை வேறொன்றில். எம்மவரிடையே நீரிழிவு அதிகம். அது விழித்திரையைச் சத்தமில்லாமல் கெடுக்கும். கண் அழுத்த நோயும் அப்படித்தான். மங்குவதெல்லாம் வெள்ளெழுத்து என்று எண்ணிக் கடையில் மலிவுக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிடக் கூடாது. சீனி ஏறி இறங்கும்போது பவரும் மாறும், அன்று அளந்த லென்ஸ் பிறகு பொருந்தாது. கண் வைத்தியரிடம் நாள் கிடைக்க மாதக்கணக்கில் செல்லலாம், ஆகவே இப்போதே ரெலிபோன் எடுத்துப் பதியுங்கள். நீரிழிவு உள்ளவர்களின் விழித்திரைப் பரிசோதனையைக் காப்புறுதி ஏற்கும்.

லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் ஒருபோதும் கழுவாதீர்கள், போட்டபடி நித்திரை கொள்ளாதீர்கள். மிளகாய் வெட்டிய கையால் லென்ஸைத் தொட்டால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. எத்தனை தரம் கழுவினாலும் காரம் விடாது, கையுறை போட்டு வெட்டுங்கள். கண் சிவந்து நொந்தால் லென்ஸை உடனே கழற்றிவிட்டு அன்றே வைத்தியரிடம் போகவேண்டும். வார இறுதியென்றால் 116117 இலக்கத்துக்கு அழைக்கலாம்.