மிஞ்சிய துண்டுகள்

2024 டிசம்பரில் சென்னை மெரினாக் கடற்கரையில் நடைபெற்ற மகளிர் சுய உதவிக் குழுக்களின் உணவுத் திருவிழாவுக்கு நாமும் சென்றிருந்தோம். மணலில் கால் வைக்க இடமில்லை. பல மாவட்டத்துப் பெண்கள் அடுப்பருகே வியர்வை சிந்தித் தத்தம் ஊர்ச் சமையலைப் படைத்தனர். கூடி உண்பது குற்றமன்று. கானாவூர்த் திருமணத்தில் நம் ஆண்டவரும் கலந்துகொண்டார். ஆயினும் பாதி உண்டு எறியப்பட்ட தட்டுகளைக் கண்ணுற்றபோது நெஞ்சம் கனத்தது.

5 அப்பங்களை 5,000 பேருக்குப் பகிர்ந்தளித்த ஆண்டவர், மிஞ்சிய துண்டுகளையும் வீணாகாது சேர்க்கப் பணித்தார். 12 கூடைகள் நிறைந்தன. உணவை எறிவது ஏழையின் பந்தியில் திருடுவதற்கு ஒப்பாகும் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் எச்சரித்தார்.

பெற்றோரே! திருவிழாவுக்குக் குடும்பமாகச் செல்லுங்கள்; பசிக்கேற்ப வாங்கவும், வாங்கியதைப் பகிர்ந்துண்ணவும் பிள்ளைகளைப் பழக்குங்கள். சமைத்த கைகளுக்கு அதுவே நாம் செலுத்தும் நன்றி.