மாயக்குரலோடு வாதாடாத சிகிச்சை

“இங்கே யாருமே இல்லையே, உனக்கு மட்டும் எப்படிக் கேட்கிறது?” மாயக்குரல் கேட்பவரிடம் குடும்பத்தார் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. அவருக்கோ குரல் தெளிவாகக் கேட்கிறது. சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று வாயை மூடிக்கொள்கிறார். அப்படிப்பட்டவரைப் பேசவைத்து உதவும் முறைகளில் ஒன்று, சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உரியதாகவே இதைப் பலரும் அறிவார்கள். ஆனால், இதை உருவாக்கிய அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக், மனச்சிதைவு கொண்ட ஒருவருக்குப் பேச்சின் வழியே உதவியதை 1952-லேயே பதிவுசெய்திருக்கிறார். மாயக்குரல் கேட்பது, பொய்யான ஒன்றை உறுதியாக நம்புவது போன்ற சைக்கோசிஸ் பாதிப்புகளுக்கென 1990-களில் பிரிட்டன் ஆய்வாளர்கள் இதை வளர்த்தெடுத்தார்கள்.

என்ன செய்வார்கள்?

‘நீ நம்புவது பொய்’ என்று சிகிச்சையாளர் வாதாட மாட்டார். ஆமாம் சாமி போடவும் மாட்டார். ஓர் எடுத்துக்காட்டு: பேருந்தில் எல்லோரும் தன்னையே முறைப்பதாக ஒருவர் நம்புகிறார். அதனால் தலை நிமிர்வதே இல்லை. ‘நூற்றுக்கு எவ்வளவு உறுதியாக நம்புகிறீர்கள்?’ என்று சிகிச்சையாளர் கேட்கிறார். ‘தொண்ணூறு’ என்கிறார் அவர். வேறு என்ன காரணங்கள் இருக்கலாம் என்று இருவரும் தாளில் எழுதுகிறார்கள். அடுத்த முறை இரண்டு நிறுத்தங்கள் வரை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணிவரத் தீர்மானிக்கிறார்கள். தொண்ணூறு எழுபதாகக் குறைந்தாலே, வீட்டைவிட்டு வெளியே வரத் துணிவு பிறக்கலாம்.

குரல் எப்போது வருகிறது, தூங்காத இரவுக்கு மறுநாளா, சண்டைக்குப் பிறகா என்றும் குறித்துவருவார்கள். வாய்விட்டுப் படித்தாலோ பாட்டை முணுமுணுத்தாலோ சிலருக்குக் குரல் அடங்குகிறது.

யாருடைய குரல் என்பதும் முக்கியம். மானுடவியலாளர் தான்யா லூர்மன் குழுவினர் கலிஃபோர்னியா, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய இடங்களில் தலா 20 பேரிடம் பேசி, 2015-ல் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்கர்கள் பலருக்கு வன்முறை நிறைந்த குரல்கள் கேட்டன. சென்னையில் பலருக்குக் கேட்டது உறவினர் குரல். வீட்டு வேலையைச் செய்யச் சொல்லியும் அது அதட்டியது. ஆகவே, அந்தந்த ஊரின் வாழ்க்கையை அறிந்தவரால்தான் இந்த சிகிச்சையைச் சரியாகத் தர முடியும்.

எவ்வளவு பலன்?

சைக்கோசிஸ் உள்ள அனைவருக்கும், குறைந்தது 16 அமர்வுகள், தனித்தனியாக இதை வழங்க வேண்டும் என்கிறது பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். அதே ஆண்டு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், நோய் அறிகுறிகள் சிறிதளவே குறைவதாகக் கண்டார்கள். எனவே இது மாத்திரைக்கு மாற்று அல்ல. மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்துவது ஆபத்து.

ஆனாலும், மருந்து சாப்பிட்டும் குரல் ஓயாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அச்சம் கொஞ்சம் தணிந்தாலும் அவர்களுக்கு அது பெரிய விடுதலை. மருந்துச் சீட்டு எழுதும் இடங்களிலெல்லாம், உட்கார்ந்து கேட்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்க வேண்டும். குடும்பத்தாரும் இன்றே ஒன்றைச் செய்யலாம்: ‘குரல் உண்மையா?’ என்ற வாதத்தை விட்டுவிட்டு, ‘அது கேட்கும்போது உனக்கு எப்படி இருக்கிறது?’ என்று கேளுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற அரசின் ‘டெலி மனஸ்’ இலவச எண்ணை அழைக்கலாம்.