கரண்டு போனாலும் தூங்காத காந்தம்!
எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறை வாசலில் தினமும் நடக்கும் போராட்டம்

"மிஷின்தான் ஓடலையே சார், உள்ளே வந்தா என்ன?"

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறை வாசலில் நிற்கும் டெக்னீஷியன்களுக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கேள்வி இது. பெரும்பாலும் கேட்பவர் நோயாளி அல்ல. கூட வந்தவர்!

அவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ஸ்கேன் முடிந்து "டக டக" சத்தம் நின்றாலும் காந்தம் நிற்பதில்லை. கம்ப்யூட்டரை அணைத்தாலும் நிற்பதில்லை. கரண்டே போனாலும் நிற்பதில்லை! இரவு பகலாக இழுத்தபடியே இருக்கும்.

30 ஆயிரம் மடங்கு!

பல ஆஸ்பத்திரிகளில் இருப்பது 1.5 டெஸ்லா காந்தம். பூமியின் காந்த சக்தியைப்போல் சுமார் 30 ஆயிரம் மடங்கு. அதன் கம்பிச் சுருள்களை மைனஸ் 269 டிகிரி வரை குளிர வைப்பது திரவ ஹீலியம். அந்தக் குளிரில் மின்சாரத்துக்குத் தடையே இல்லை. ஒரு தடவை ஏற்றிய மின்சாரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்த அறைக்குள் கத்தரிக்கோல் அம்பாகப் பறக்கும். இரும்பு சிலிண்டர் குண்டாகப் பாயும்!

பலியான உயிர்கள்

2001-ம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் 6 வயதுச் சிறுவன் ஸ்கேன் மிஷினுக்குள் படுத்திருந்தான். அவனுக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது. அவசரத்தில் இரும்பு சிலிண்டரை உள்ளே கொண்டு வந்துவிட்டார்கள். அது பறந்து தலையில் மோதியது. சிறுவன் இறந்தான்.

2018-ம் ஆண்டு ஜனவரி மாதம் மும்பையில் ஒரு ஆஸ்பத்திரி. உறவுக்காரப் பெண்மணிக்குத் துணையாக வந்த 32 வயது வாலிபர் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். "மிஷின் ஆஃபில் இருக்கிறது என்று ஊழியர் சொன்னார்" என்பது குடும்பத்தாரின் புகார். காந்தம் அவரைச் சிலிண்டரோடு இழுத்தது. சிலிண்டரிலிருந்து வாயு கசிந்தது. வாலிபர் பலியானார்.

2025-ம் ஆண்டு ஜூலை மாதம் நியூயார்க் அருகே 61 வயதுக்காரர் ஒருவர், ஸ்கேன் முடிந்த மனைவியைத் தூக்கிவிட உள்ளே போனார். கழுத்தில் உடற்பயிற்சிக்காக மாட்டியிருந்த 9 கிலோ இரும்புச் சங்கிலி! காந்தம் இழுத்தது. மறுநாள் உயிர் போனது.

மூன்று சம்பவத்திலும் ஆபத்தைக் கொண்டு வந்தது, உதவி செய்யப் போன கைகளே!

தாலியில் ஊக்கு

அதனால்தான் டெக்னீஷியன்கள் வாசலிலேயே துருவித் துருவிக் கேட்கிறார்கள். நம் ஊரில் இந்தக் கேள்விகள் தனி ரகம்.

"தாலிச் சங்கிலியிலே ஊக்கு இருக்காம்மா?"

"இருக்குப்பா. ஆனா தாலியை எப்படிக் கழட்டறது?"

தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஊக்கு பறக்கும். தங்கமும் படத்தைக் கெடுக்கும், சூடேறவும் கூடும். கடைசியில் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு, சங்கிலியைக் கழற்றி மகளிடம் கொடுக்கும் தாய்மார்கள் உண்டு. அதுவரை பொறுமையாக நிற்கவேண்டும்.

கொண்டை ஊசி, தாயத்து, அரைஞாண், சரிகைப் புடவை எல்லாவற்றையும் கேட்கவேண்டும். லேத் பட்டறையில் வேலை பார்த்தவரா என்றும் கேட்பார்கள். கண்ணில் இரும்புத் தூள் தங்கியிருந்தால் அது நகர்ந்து பார்வையையே கெடுத்துவிடும். பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் பேச்சே வேறு. எந்த மாடல் என்று டாக்டர் பார்த்து முடிவு செய்யாமல் அனுமதி கிடையாது.

வெளியே வரிசை நீண்டுகொண்டே போகும். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று சத்தம் போடுவார்கள். அப்போதும் ஒரு கேள்வியைக்கூட விடமுடியாது.

ஓடி வரும் டாக்டரையும் தடுக்கவேண்டும்

மிஷினுக்குள் இருப்பவருக்கு மாரடைப்பு வந்தால்? அங்கேயே வைத்தியம் கிடையாது. காந்தம் இழுக்காத ஸ்டிரெச்சரில் முதலில் வெளியே கொண்டு வரவேண்டும். ஸ்டெதாஸ்கோப்போடு ஓடி வருபவர் பெரிய டாக்டரானாலும் வாசலில் மறித்தாக வேண்டும். கூட்டிப் பெருக்க வருபவரின் இரும்பு வாளிக்கும் இதே சட்டம்தான்!

ஆள் சிக்கிக்கொண்டால் அழுத்த ஒரு சிவப்பு பட்டன் உண்டு. அழுத்தினால் ஹீலியம் கொதித்து, 700 மடங்குக்கு மேல் வாயுவாகப் பெருகி, குழாய் வழியாக வெளியே சீறும். குழாய் அடைத்திருந்தால் அறைக்குள் புகுந்து மூச்சு முட்டவைக்கும். அழுத்திய கணமே காந்தம் அடங்கிவிடாது. மறுபடி ஹீலியம் நிரப்ப லட்சக்கணக்கில் செலவு. அதுவரை ஸ்கேனும் இல்லை.

ஆகவே, உண்மையான பாதுகாப்பு அந்தப் பட்டன் அல்ல. வாசல் கதவுதான்! அங்கே "நில்லுங்க" என்று குரல் வந்தால், கோபப்படாமல் நிற்பதே நோயாளிக்குச் செய்யும் பெரிய உதவி.