ஒரே மெட்டு, இரண்டு வழிகள்

ஜாஸ் இசையில் மனோதர்மத்துக்கு வரம்பு உண்டு. முதலில் மெட்டு வரும். பிறகு அம்மெட்டின் சுரக்கூட்டுகள் வகுத்த வரிசையிலேயே வாத்தியக்காரரின் கற்பனை செல்லும். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் அவ்வரிசையைக் கைவிட்டார். கட்டற்ற ஜாஸ் எனப் பெயர் பெற்ற இம்முறையைக் கேட்ட பலர், இது இசையன்று, வெறும் குழப்பம் என்றனர்.

குழப்பந்தானா? விடை கூற ஓர் ஒலிப்பதிவு இருக்கிறது. 1965 டிசம்பர் 3, 4 தேதிகளில் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில், 'கோல்டன் சர்க்கிள்' என்னும் விடுதியில் கோல்மன் வாசித்தார். பாஸில் டேவிட் ஐசென்ஸன், டிரம்ஸில் சார்லஸ் மாஃபெட், பக்கவாத்தியம் அவ்வளவே. 'ப்ளூ நோட்' நிறுவனம் அதை இரண்டு இசைத்தட்டுகளாக வெளியிட்டது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த மறுபதிப்பில், முன்பு விடப்பட்ட வாசிப்புகளும் சேர்ந்தன. ஆதலால் 'யூரோப்பியன் எக்கோஸ்' என்ற உருப்படியை இன்று இரண்டு விதமாகக் கேட்கலாம். மெட்டு ஒன்றே, அதன்பின் செல்லும் வழி வேறு. ஆயினும் இரண்டிலும் கோல்மன் திரும்பும் இடத்தில் மற்றிருவரும் உடன் திரும்புகின்றனர். குழப்பத்தில் இவ்வொற்றுமை பிறவாது. எழுதிவைத்த வரம்பு நீங்கியதும், ஒருவரையொருவர் கூர்ந்து கேட்பதே இலக்கணமாகிவிட்டது. ஒரு வாசிப்பு மட்டும் கிடைத்திருந்தால் தற்செயல் என்றிருப்போம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், தீர்ப்பு உங்களுடையது.