சாமான்யரைத் தேடிப் போன நிருபர்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமாநுஜர் அவதரித்த தலம் என்பார்கள். இன்று அதே ஊரைக் கார்களும் ஸெல்போன்களும் உற்பத்தியாகும் இடம் என்கிறார்கள். அங்கிருந்து ஒரகடம் வரை, ஷிப்டு மாறும் வேளையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக ஓடுகின்றன. அவற்றில் செல்லும் பெண்கள் எந்த ஊர்க்காரர்கள்? எங்கே உறங்குகிறார்கள்? என்ன சாப்பிடுகிறார்கள்?

2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயுற்றார்கள். பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். நிருபர்கள் விரைந்தார்கள். ஒரே அறையில் பலர் தரையில் நெருங்கிப் படுத்திருந்த கதை அப்போதுதான் ஊரெங்கும் தெரிந்தது.

மறியல் நடந்தால் செய்தி. நடக்காத நாளில்?

இந்தக் கேள்விக்கே தம் வாழ்க்கையைக் கொடுத்தவர் பி. சாய்நாத்.

நாற்காலியை விட்டார்

1957-ல் சென்னையில் பிறந்தவர். ஜனாதிபதியாக இருந்த வி. வி. கிரியின் பேரர். பம்பாய் 'பிளிட்ஸ்' வாரப் பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்தார். 1993-ல் அந்த நாற்காலியை விட்டு, நாட்டின் மிக ஏழை ஜில்லாக்களை நோக்கிப் புறப்பட்டார். நம் ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அவற்றுள் அடக்கம்.

பனைமரமும் சைக்கிளும்

ராமநாதபுரத்தில் பனையேறியின் ஒரு நாள் உழைப்பைக் கணக்கிட்டார். எத்தனை மரம், எத்தனை முறை, எவ்வளவு உயரம் என்று கூட்டி, அதை மாடிக் கட்டடக் கணக்கில் சொன்னார். பட்டணத்து வாசகர் திடுக்கிட்டார்!

புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கேலி பேசியவர்கள் உண்டு. சாய்நாத்தோ அதில் பெண்களின் சுதந்திரத்தைக் கண்டார். அந்தக் கட்டுரை ஹிந்திப் பள்ளிப் பாடமாகவும் வந்தது.

1996-ல் அவருடைய கட்டுரைகள் நூலாயின. 2007-ல் மகஸேஸே விருது கிடைத்தது. 2014-ல் கிராம வாழ்க்கைக்கென்றே 'பாரி' என்ற இணைய ஆவணக் களஞ்சியத்தைத் தொடங்கினார். முல்லைக்குத் தேர் ஈந்தவன் பெயர் தமிழருக்கு நினைவு வராமல் போகுமா? அதில் தமிழிலும் படிக்கலாம்.

யார் எழுதுவார்?

பனையேறிக்கு ஒரு நிருபர் கிடைத்தார். ஒரகடம் சாலையில் இரவு ஷிப்டு முடிந்து வரும் பெண்ணுக்கு? அவள் சம்பளத்தில் ஊருக்குப் போவது எவ்வளவு, விடுதி வாடகை எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று, மறியல் இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போய்க் கேட்க வேண்டும்.

அதற்கு விருது வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும்.