கடலைத் தாண்டும் அலை, சுவரில் தடுமாறுவது ஏன்?

மார்சிலிங்கிலோ உட்லண்ட்ஸ் கடலோரத்திலோ நடக்கும்போது, “மலேசியாவுக்கு நல்வரவு” என்று உங்கள் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்ததுண்டா? நீங்கள் எல்லையைத் தாண்டவில்லை. ஜொகூர் பாருவில் உள்ள கைப்பேசிக் கோபுரத்தின் அலைதான் நீரிணையைத் தாண்டி வந்துவிட்டது. உட்லண்ட்ஸ் கடற்பாலத்தின் நீளமே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்.

ஆனால் வீட்டில் நடப்பதைப் பாருங்கள். வரவேற்பறையில் வைஃபை ரவுட்டர். பத்து மீட்டர் தள்ளிக் கடைசிப் படுக்கையறையில் நீங்கள். வீட்டிலிருந்தபடி கற்கும் நாளில், ஆசிரியரின் முகம் திரையில் அப்படியே உறைந்து நிற்கிறது. 2020 ஏப்ரல் 8ஆம் தேதி பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்தபடி கற்றலுக்கு மாறியபோது பல குடும்பங்கள் பட்ட பாடு இது.

ஒரு கிலோமீட்டர் கடலைத் தாண்டும் அலைக்குப் பத்து மீட்டர் வீடு எப்படிப் பெரிதாகிறது?

முதல் காரணம், ஆற்றல். ரவுட்டர் அனுப்பும் அலையின் ஆற்றல் சுமார் 0.1 வாட்தான். கோபுரத்தின் ஆற்றல் அதைவிடப் பன்மடங்கு அதிகம். இரண்டாவது காரணம்தான் நமக்கு முக்கியம்: கடலுக்கு மேல் சுவர் இல்லை!

திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் சிக்னலின் வலிமை நான்கில் ஒரு பங்காகும். இது இயற்பியலில் நீங்கள் படிக்கும் விதிதான். வீட்டுக்குள் இதோடு சுவர்களும் சேர்ந்துகொள்கின்றன. மரக்கதவு அலையைச் சற்றே குறைக்கும். செங்கல் சுவர் இன்னும் அதிகமாகக் குறைக்கும். இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் சுவர் பெரும்பகுதியை விழுங்கிவிடும். உலோகம் கண்ணாடிபோல அலையைத் திருப்பி அனுப்பும். நீரும் அலையை உறிஞ்சும் என்பதால், பெரிய மீன்தொட்டிகூட ஒரு தடைதான்.

உங்கள் வீட்டின் ‘பாம் ஷெல்ட்டர்’

இப்போது உங்கள் வீட்டின் வரைபடத்தை மனத்தில் கொண்டுவாருங்கள். குடிமைத் தற்காப்பு உறைவிடச் சட்டம் 1997ல் நிறைவேறி, 1998ல் நடப்புக்கு வந்தது. அதன்பின் கட்டப்பட்ட வீவக வீடுகளில், நாம் ‘பாம் ஷெல்ட்டர்’ என்று அழைக்கும் பாதுகாப்பு அறை உண்டு. வெடிப்பையும் சிதறும் துண்டுகளையும் தாங்குவதற்காகத் தடித்த கான்கிரீட் சுவர்களும் எஃகுக் கதவும் கொண்ட அறை அது. வெடிப்பைத் தடுக்கும் சுவர் வைஃபையை மட்டும் எளிதில் விட்டுவிடுமா?

மார்சிலிங்கில் 1970களில் எழுந்த பழைய புளோக்குகளில் இந்த அறை இல்லை. புதிய புளோக்குகளில் உண்டு. ஆகவே பக்கத்துப் புளோக் நண்பரின் வீட்டில் நன்றாக வேலை செய்யும் அதே ரவுட்டர், உங்கள் வீட்டில் திணறலாம். ரவுட்டரைப் பாதுகாப்பு அறைக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்தியிருந்தால், சிக்னலைப் பூட்டி வைத்ததற்குச் சமம்.

முதலில் அளந்து பாருங்கள்

திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் சிக்னலை ‘டிபிஎம்’ அலகில் காட்டும் இலவசச் செயலிகள் உள்ளன. இதில் 0 என்றால் ஒரு மில்லிவாட். அதைவிடக் குறைந்தால் எண்ணுக்கு முன் மைனஸ் வரும். 3 குறைந்தால் வலிமை பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒன்று. 20 குறைந்தால் நூறில் ஒன்று.

ரவுட்டரின் அருகே -30 முதல் -40 வரை இருக்கும். காணொளி வகுப்புக்கு -67 போதும். -80ஐ நெருங்கினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். ரவுட்டர் பக்கத்தில், நடைவழியில், பாதுகாப்பு அறைச் சுவருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எண் எங்கே திடீரென விழுகிறதோ, அந்தச் சுவர்தான் குற்றவாளி.

பிறகு சரிசெய்யுங்கள்

காசு செலவில்லாத வழியிலிருந்து தொடங்குவோம். ரவுட்டரை அலமாரிக்குள்ளும் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் ஒளித்து வைக்காமல், திறந்த இடத்தில் சற்று உயரமாக வையுங்கள். அலை உங்கள் அறைக்கு நடைவழியாகவும் வாசல் வழியாகவும் வந்து சேரும்படி இடம் தேடுங்கள். ஓரிரு மீட்டர் நகர்த்தினாலே தடித்த சுவர் பாதையிலிருந்து விலகிவிடலாம்.

அடுத்து, அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 செ.மீ.; 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 செ.மீ. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்து நீங்களே சரிபார்க்கலாம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். தொலைவான அறையில் 2.4க்கு மாறிப் பாருங்கள். எண் நன்றாக இருந்தும் வேகம் இல்லையென்றால், அக்கம்பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள் அதே தடத்தில் நெரிசல் உண்டாக்கிக்கொண்டிருக்கலாம். 2.4ல் 1, 6, 11 ஆகிய தடங்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. அவற்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

“பெரிய ரவுட்டர் வாங்கினால் சரியாகிவிடும்” என்று அப்பா சொல்கிறாரா? வைஃபை இருவழி உரையாடல். ரவுட்டர் கத்தினாலும், உங்கள் கைப்பேசியின் மெல்லிய குரல் அதற்குத் திரும்பக் கேட்க வேண்டுமே!

சிக்னலைப் பெற்று மறுபடி அனுப்பும் எக்ஸ்டெண்டர் வாங்கினால், சிக்னல் இல்லாத அறையில் வைக்காதீர்கள். கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள். ஒரே அலைவரிசையில் கேட்டுப் பேசும் எக்ஸ்டெண்டரில் வேகம் ஏறக்குறையப் பாதியாகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட உறுதியான வழி கம்பி. புதிய வீடுகள் பலவற்றில் படுக்கையறைச் சுவரிலேயே இணையக் கம்பிக்கான செருகுவாய் இருக்கும். அதில் மடிக்கணினியையோ இரண்டாவது வைஃபை கருவியையோ இணைத்தால், அலை சுவரைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை. ஆனால் கம்பி இழுப்பதற்காகப் பாதுகாப்பு அறைச் சுவரை உடைக்கக் கூடாது. அந்தச் சுவர் உங்கள் உயிரைக் காக்க நிற்பது.

அடுத்த முறை திரை உறைந்தால் ரவுட்டரைத் தட்டாதீர்கள். கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்து, வழியில் நிற்பது எது என்று தேடுங்கள்.